நேர்காணலுக்கு மட்டும்தானா பேச்சு?

கல்லூரிகளில் புதிய கல்வியாண்டு தொடங்கும்போதெல்லாம் சில சொற்கள் தவறாமல் காதில் விழுகின்றன: தகவல் தொடர்புத் திறன், மென்திறன், ஆளுமை மேம்பாடு. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் எனக் காவிரிப் படுகை முழுவதும் கலை, அறிவியல் கல்லூரிகளும் சமுதாயக் கல்லூரிகளும் தனியார் பயிற்சி நிலையங்களும் இப்பயிற்சிகளை அளிக்க முன்வருகின்றன. பட்டம் பெற்ற பின்னரும் நான்கு பேர் முன்னிலையில் எழுந்து நின்று பேசத் தயங்குகிறார்கள் என்பது நம் மாணவர்களைப் பற்றி நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் குறை. அக்குறையைக் களைய எடுக்கப்படும் எந்த முயற்சியும் வரவேற்கத்தக்கதே. ஆனால், யாரிடம் பேசுவதற்காக, எதைப் பற்றிப் பேசுவதற்காக இந்தப் பயிற்சி என்ற கேள்வியை நாம் போதிய அளவு கேட்டுக்கொள்ளவில்லை.

அரசுத் தரப்பில் அக்கறைக்குக் குறைவில்லை. 2022 மார்ச் 1 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்த 'நான் முதல்வன்' திட்டத்தில், ஆங்கிலத்தில் தடையின்றிப் பேசுவதற்கும் நேர்முகத் தேர்வுக்குத் தயாராவதற்குமான பயிற்சிகள் முக்கிய இடம் பெற்றன. பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் வெளியிட்ட வாழ்வியல் திறன் பாடத்திட்டமான 'ஜீவன் கௌஷல்', தகவல் தொடர்புத் திறனைத் தன் முதல் பகுதியாகவே வைத்தது. கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் ஆகிய நான்கும் அதில் அடங்கும். பள்ளிப் படிப்போடு நின்றவர்களுக்கும் வேலையிலிருந்தபடியே படிக்க விரும்புவோருக்கும் கதவு திறந்துவிடும் சமுதாயக் கல்லூரிகளிலும், கைத்தொழிலோடு பேச்சுத் திறனும் ஒரு பாடமாக இருக்கிறது.

ஏட்டில் நான்கு திறன்கள் இருந்தாலும், வகுப்பறையில் பெரும்பாலும் ஒன்றுதான் எஞ்சுகிறது. தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது, குழு விவாதத்தில் முந்திக்கொண்டு பேசுவது, நேர்காணலில் கேட்கப்படும் வழக்கமான வினாக்களுக்கு ஆயத்தமான விடைகளை ஆங்கிலத்தில் ஒப்பிப்பது. எத்தனை மாணவர்களுக்கு வளாக நேர்காணலில் வேலை கிடைத்தது என்ற எண்ணிக்கையே பயிற்சியின் வெற்றிக்கு அளவுகோலாக இருக்கும்போது, ஆசிரியர்களும் வேறு திசையில் செல்ல இயலாது.

இதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. காவிரிப் படுகையின் மூன்று போக நெல் சாகுபடி, படித்த இளைஞர்கள் அனைவருக்கும் வேலை தந்துவிடாது. மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்கப்படுமா, குறுவை கைகொடுக்குமா, சம்பா வடகிழக்குப் பருவமழைக்குத் தப்புமா என்று ஆண்டுதோறும் கணக்குப் போட்டுப் பார்க்கும் குடும்பத்திலிருந்து வரும் மாணவருக்கு, சென்னையிலோ திருப்பூரிலோ வளைகுடா நாட்டிலோ கிடைக்கும் மாதச் சம்பளம் எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதை வெளியிலிருந்து யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. அந்த வேலைக்கு ஆங்கிலம் ஒரு திறவுகோல் என்றால், அதை அரசுக் கல்லூரி மாணவருக்கு மறுப்பது அநீதி.

ஆயினும், பொருளியல் இங்கே ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய பொருளியல் அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன், 1970-இல் வெளியிட்ட தம் சிறு நூலில், ஒரு நிறுவனமோ அமைப்போ சீர்கெடும்போது அதைச் சார்ந்தவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு என்றார். ஒன்று, வெளியேறுவது, மற்றொன்று, குரல் எழுப்புவது. அவருடைய சிந்தனைக்கு வித்திட்டது நைஜீரியாவின் ரயில்வே. லாரிப் போட்டி வந்தால் ரயில்வே தன்னைத் திருத்திக்கொள்ளும் என்பதுதான் பாடநூல் சொல்லும் விதி. ஆனால் அது திருந்தவில்லை. சேவையின் தரத்தில் அக்கறை கொண்டு, விடாமல் முறையிட்டு மாற்றத்தைக் கொண்டுவரக் கூடிய வாடிக்கையாளர்களே முதலில் லாரிக்கு மாறிவிட்டார்கள். எஞ்சியவர்களின் முணுமுணுப்பு நிர்வாகத்தின் காதுக்கு எட்டவில்லை.

குரல் எழுப்பும் ஆற்றல் மிகுந்தவர்கள் முதலில் வெளியேறிவிட்டால், எஞ்சியிருப்பவர்களின் நிலை மேலும் மோசமாகும் என்பதே இதன் சாரம். நம் பேச்சுப் பயிற்சி வகுப்புகளை இந்த வெளிச்சத்தில் பார்த்தால், அவை வெளியேறுவதற்கான பயிற்சிகளாக மட்டுமே இருப்பது தெரியும். ஊரை விட்டுச் செல்பவருக்கு மொழி தருகிறோம். ஊரில் இருந்துகொண்டு நெல்லையும் நீரையும் கூலியையும் பற்றி அதிகாரத்தில் இருப்போரிடம் பேச வேண்டியவருக்கு எதையும் தருவதில்லை. வெளியேறியவரும் என்றேனும் ஊருக்குத் திரும்புகிறார். அவருடைய பெற்றோர் ஊரிலேயே இருக்கிறார்கள் என்பதையும் மறந்துவிடுகிறோம்.

குரலுக்குப் பயன் உண்டா என்ற ஐயம் எழலாம். காவிரிப் படுகையின் அண்மை வரலாறே அதற்கு விடை. காவிரி நடுவர் மன்றம் 1990-இல் அமைந்ததற்குப் பின்னால், இப்பகுதி விவசாயிகள் சங்கம் ஒன்று 1983-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு இருக்கிறது. அரசுகளுக்கிடையே பேச்சுவார்த்தைகள் முடிவின்றி நீண்டுகொண்டிருந்தபோது, பாதிக்கப்பட்டவர்களே தங்கள் வழக்கைத் தெளிவாக எடுத்துவைத்தார்கள். 2007-இல் வந்த இறுதித் தீர்ப்பும், தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டிஎம்சி என்று 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும், அதன்பின் உருவான காவிரி நீர் மேலாண்மை ஆணையமும் அந்த முதல் மனுவிலிருந்து நீண்ட தொடரின் கண்ணிகள். மீத்தேன், ஹைட்ரோகார்பன் திட்டங்களுக்கு எதிராக ஊர்தோறும் எழுந்த எதிர்ப்பின் பின்னணியில்தான், 2020 பிப்ரவரியில் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக்கும் சட்டம் சட்டப்பேரவையில் நிறைவேறியது. இவற்றைப் பற்றி எவர் எக்கருத்துக் கொண்டிருந்தாலும், மக்களின் குரல் சட்டப் புத்தகம் வரை சென்றது என்பதை மறுக்க இயலாது.

ஆனால், அக்குரல் எல்லோருக்கும் ஒரே அளவில் வாய்த்ததில்லை. வலங்கைமானில் 1869-இல் வசதி குறைந்த புரோகிதர் குடும்பத்தில் பிறந்து, கும்பகோணம் கல்லூரியில் பயின்ற வி.எஸ். சீனிவாச சாஸ்திரி, 'வெள்ளி நாக்குப் பேச்சாளர்' என்று உலக அளவில் புகழ் பெற்றார். அவர் பேச்சாளர் மட்டுமல்லர். பள்ளி ஆசிரியராக இருந்தவர், 1904-இல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர் என்பது பொருளியல் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி. நாவன்மையும் அமைப்பைக் கட்டியெழுப்பும் திறனும் அவரிடம் ஒன்று சேர்ந்திருந்தன. ஆனால், அவருடைய மேடைகள் சென்னையிலும் தில்லியிலும் லண்டனிலும் தென்னாப்பிரிக்காவிலும் இருந்தன. அதே மண்ணில், பண்ணையாரின் முன் தோளில் துண்டு போட்டு நிற்கவும் உரிமையற்ற பண்ணையாள்களுக்கு வாய் திறப்பதே குற்றமாக இருந்தது.

அந்த மௌனத்தைக் கலைத்தவர்களில் முதன்மையானவர், கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பி. சீனிவாச ராவ். 1940-களில் தஞ்சை மாவட்டத்துக்கு வந்து, தமிழில் பேசிச் சேரிகள்தோறும் விவசாயத் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டினார். சவுக்கடியும் சாணிப்பால் புகட்டலும் அன்று தண்டனை முறைகளாக இருந்தன. மக்கள் ஒன்றுகூடிக் கேள்வி கேட்கத் தொடங்கிய பிறகே அவை பின்வாங்கின. 1952-இல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ஆனாலும், கூலி உயர்வு கேட்டதன் தொடர்ச்சியாக 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். இந்த மண்ணில் பேசுவதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான், இங்கே ஒரு கல்லூரி 'பேச்சுத் திறன்' என்ற பாடத்தை நடத்த வேண்டும். அந்த ஊர்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கிறார்கள்.

தமிழகத்தில் மேடைப் பேச்சுக்குப் பஞ்சமில்லையே என்று கேட்கலாம். உண்மைதான். 1847-இல் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தொடங்கிய சொற்பொழிவு மரபு, சுதேசி இயக்கக் காலத்தில் வ.உ.சி., சுப்பிரமணிய சிவா வழியாக அரசியல் மேடைக்கு வந்து, திராவிட இயக்கத்தில் அண்ணாவாலும், திருக்குவளையில் பிறந்து திருவாரூரில் பயின்ற கலைஞராலும் உச்சம் தொட்டது. இன்றும் தலைவர்களின் பிறந்தநாளையொட்டித் தமிழ் வளர்ச்சித் துறை கல்லூரி மாணவர்களுக்குப் பேச்சுப் போட்டிகளை நடத்திப் பரிசு வழங்குகிறது.

ஆனால், மேடைப் பேச்சு ஒருவழிப் பாதை. ஒருவர் பேச, பலர் கேட்டுக் கைதட்டுவார்கள். மனப்பாடம் செய்து அடுக்குமொழியில் முழங்கிப் பரிசு பெறும் மாணவர், "நீங்கள் சொல்வதற்கு ஆதாரம் என்ன?" என்று எவரேனும் குறுக்கிட்டால் திகைத்துப்போகிறார். பொருளியல் வகுப்பில் நான் பல ஆண்டுகள் கண்டது இது. நேர்காணல் பயிற்சியும் மேடைப் பயிற்சியும் வெவ்வேறு துருவங்கள்போலத் தோன்றினாலும், எதிரில் இருப்பவர் சொல்வதைக் கேட்டு, அதற்கு விடை சொல்லும் பழக்கத்தை இரண்டுமே வளர்ப்பதில்லை.

அந்தப் பழக்கம் தேவைப்படும் இடங்கள் நம் மாணவர்களின் வீட்டு வாசலிலேயே இருக்கின்றன. கிராம சபை, மாவட்ட ஆட்சியரகத்தில் மாதந்தோறும் கூடும் விவசாயிகள் குறைதீர் கூட்டம், திங்கள்கிழமைதோறும் நடக்கும் மக்கள் குறைதீர் நாள், நேரடி நெல் கொள்முதல் நிலையம், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கம், மகளிர் சுயஉதவிக் குழு. தமிழகத்தில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள்கள் கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தஞ்சாவூர் உள்ளிட்ட 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலத்தில், மக்கள் நேரடியாகக் கேள்வி கேட்கும் சபையின் மதிப்பு மேலும் கூடுகிறது.

இச்சபைகளில் யார் பேசுகிறார்கள் என்பதை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். தமிழகக் கிராம சபைகளில் பேசப்பட்டவற்றை எழுத்தாக்கி ஆராய்ந்த ரம்யா பார்த்தசாரதி, விஜயேந்திர ராவ், நேத்ரா பழனிசாமி ஆகியோரின் கட்டுரை 2019-இல் வெளியானது. ஆண்களோடு ஒப்பிடும்போது பெண்கள் பேசுவது குறைவு. விவாதப் பொருளை அவர்கள் தீர்மானிப்பது குறைவு. அவர்கள் பேசினாலும் அதிகாரிகளிடமிருந்து பொருத்தமான விடை கிடைப்பது குறைவு என்று அது கண்டறிந்தது. பெண் தலைவர்கள் இருக்கும் ஊராட்சிகளில், பெண்களின் கேள்விகளுக்கு அவர்கள் கூடுதலாகச் செவிசாய்க்கிறார்கள் என்பதும் அதே ஆய்வின் முடிவு. தென்மாநிலங்களின் ஏறத்தாழ 300 கிராம சபைப் பதிவுகளை ஆராய்ந்த பரோமிதா சன்யால், விஜயேந்திர ராவ் ஆகியோரின் நூல், அரசின் கொள்கையும் அக்கறையும் இருந்தால் சபைப் பேச்சின் தரம் உயரும் என்று காட்டுகிறது. பேச்சு என்பது சிலருக்கு மட்டும் வாய்த்த பிறவிக் குணம் அன்று. ஏற்பாட்டால் வளரக்கூடியது என்பதே இதன் பொருள்.

அப்படியானால் பாடத்திட்டம் எப்படி இருக்க வேண்டும்? ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். பயிர்க் காப்பீட்டு இழப்பீடு கிடைக்கவில்லை என்பது படுகையில் அடிக்கடி கேட்கும் முறையீடு. "விவசாயிகள் வஞ்சிக்கப்படுகிறார்கள், உடனே இழப்பீடு வழங்க வேண்டும்" என்று ஒருவர் குறைதீர் கூட்டத்தில் முழங்கினால், "பரிசீலிக்கப்படும்" என்ற ஒற்றைச் சொல்லில் விடை முடிந்துவிடும். 2016-இல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விளைச்சல் இழப்பு தனித்தனி வயலுக்குக் கணக்கிடப்படுவதில்லை. அறிவிக்கை செய்யப்பட்ட பகுதி முழுவதற்கும் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது. அப்பகுதியில் சில வயல்களில் நடத்தப்படும் அறுவடைப் பரிசோதனையின் சராசரி, முந்தைய ஆண்டுகளைக் கொண்டு நிர்ணயித்த உத்தரவாத விளைச்சலைவிடக் குறைந்தால்தான் இழப்பீடு. இதை அறிந்த ஒருவர் மூன்று கேள்விகள் கேட்பார்: எங்கள் கிராமத்தில் பரிசோதனை எந்த வயல்களில், எந்த நாள்களில் நடந்தது? அதில் கிடைத்த விளைச்சல் எவ்வளவு? எங்களுக்கான உத்தரவாத விளைச்சல் எவ்வளவு? இந்த மூன்றையும் "பரிசீலிக்கப்படும்" என்று கடந்துவிட முடியாது. விடை வரவில்லையென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுதிக் கேட்கலாம். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும்.

கொள்முதல் நிலையத்திலும் இதே நிலைதான். நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. அறுவடை நேரத்தில் மழை பெய்தால் வரம்பைத் தளர்த்தக் கோருவது வழக்கமாகிவிட்டது. "நெல்லை எடுக்க மறுக்கிறார்கள்" என்பது புலம்பலாக நின்றுவிடும். எந்த நாளில் நெல் கொண்டுவரப்பட்டது, எத்தனை நாள் காத்திருந்தது, வந்த அன்று ஈரப்பதம் அளக்கப்பட்டதா, மழைக்குப் பின் எவ்வளவு என்று வரிசைப்படுத்திச் சொன்னால், பிழை விவசாயியுடையதா, நிர்வாகத்தின் தாமதமா என்பது தானாகவே வெளிப்படும். புலம்பலை வாதமாக மாற்றக் கற்றுக்கொடுப்பதுதான் தகவல் தொடர்புக் கல்வி.

எனவே, வகுப்பறையில் மூன்று பயிற்சிகள் போதும். முதலாவது, தன் ஊர்ப் பிரச்சினை ஒன்றைத் தரவுகளுடன் மூன்று நிமிடங்களில் எடுத்துரைப்பது. இரண்டாவது, மற்றவர் பேசியதைக் கேட்டு, அவர் ஒப்புக்கொள்ளும் விதத்தில் சுருக்கிச் சொன்ன பிறகே மறுப்பது. மூன்றாவது, விடை சொல்லாமல் நழுவ இடம் தராத ஒரு கேள்வியை, மரியாதை குறையாமல் கேட்பது. மாணவர்களில் ஒருவர் வேளாண்மை அலுவலராகவும், ஒருவர் குத்தகை விவசாயியாகவும், ஒருவர் நூறுநாள் வேலைக்குச் செல்லும் பெண்ணாகவும் இருந்து மாதிரிக் கிராம சபை நடத்தலாம். அலுவலராக இருப்பவருக்கும் இதில் பாடம் உண்டு; நாளை அவர் உண்மையாகவே அந்த நாற்காலியில் அமரக்கூடும். மெய்யான கிராம சபை நாள்களில் மே 1 தவிர மற்ற ஐந்தும் கல்வியாண்டுக்குள் வருகின்றன. மாணவர்கள் தத்தம் ஊரில் கலந்துகொண்டு, யார் பேசினார்கள், என்ன விடை கிடைத்தது என்று இரண்டு பக்கம் எழுதி வந்தால், அதைவிடச் சிறந்த அகமதிப்பீடு வேறில்லை.

அறுபது பேர் அமரும் வகுப்பில் இது இயலுமா என்ற கேள்வி நியாயமானது. 1924-இல் கலிபோர்னியாவின் சாண்டா ஆனா நகரில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்கள் உலகெங்கும் பரவியதற்கு ஒரு காரணம், அங்கே பெரிய ஆசிரியர் எவரும் தேவையில்லை என்பது. உறுப்பினர்களே நேரம் குறிப்பார்கள், கேட்பார்கள், மதிப்பிடுவார்கள். பத்துப் பேர் கொண்ட ஆறு குழுக்களாகப் பிரித்து, ஒருவரை ஒருவர் மதிப்பிடச் செய்தால், ஆசிரியரின் வேலை மேற்பார்வை மட்டுமே. இதற்குத் தனிக் கட்டடமோ மென்பொருளோ வேண்டாம்.

மொழி பற்றிய தயக்கமும் தேவையற்றது. தமிழில் ஒரு கருத்தை ஒழுங்குபடுத்திச் சொல்லத் தெரியாதவருக்கு, ஆங்கிலத்தில் சொற்கள் கிடைத்தாலும் சொல்வதற்கு ஒன்றும் இராது. முதற்பருவத்தில் தமிழிலும் அடுத்த பருவத்தில் அதே பொருளை ஆங்கிலத்திலும் பேசச் செய்யலாம். காப்பீட்டின் கணக்கை ஓர் அதிகாரிக்கு விளக்கிய மாணவி, நேர்காணல் குழுவின் முன் நடுங்க மாட்டார். வேலைவாய்ப்புக்கும் இது எதிரியன்று.

ஓர் எல்லையையும் குறிப்பிட வேண்டும். மாணவர் எதைப் பேச வேண்டும் என்று கல்லூரி தீர்மானிக்கக் கூடாது. எந்தக் கட்சிக்கும் ஆள் பிடிக்கும் இடமாக இது மாறக் கூடாது. ஒரே பொருளில் இரு தரப்பையும் பேசச் செய்வதே அதற்குப் பாதுகாப்பு. அதேபோல், பேசுவோருக்கு மட்டும் பயிற்சி தந்தால் போதாது. பெண்கள் பேசினாலும் பொருத்தமான விடை கிடைப்பதில்லை என்ற ஆய்வு முடிவு, குறை கேட்கும் நாற்காலிக்கும் பயிற்சி வேண்டும் என்பதையே சொல்கிறது. ஊரக வளர்ச்சித் துறையும் உயர்கல்வித் துறையும் இணைந்து, கிராம சபையில் எழுப்பப்பட்ட கேள்விக்கு அடுத்த சபைக்குள் எழுத்தில் விடை தரும் நடைமுறையை உருவாக்கினால், மாணவர் கற்ற பேச்சுக்குப் பொருள் இருக்கும்.

இம்மாற்றத்தைத் தொடங்கச் சமுதாயக் கல்லூரிகளே பொருத்தமான இடம். அங்கே பயில்வோரில் பலர் ஊரிலேயே வாழ்ந்து தொழில் செய்யப் போகிறவர்கள். டிராக்டர் பழுது பார்ப்பவரும் தையல் கடை வைப்பவரும் சுயஉதவிக் குழுவுக்குக் கணக்கு எழுதுபவரும் வங்கி மேலாளரிடமும் ஊராட்சி அலுவலகத்திலும் நாள்தோறும் பேசியாக வேண்டியவர்கள். வேலை கிடைத்தோர் எண்ணிக்கையோடு, கிராம சபையில் எழுந்து கேள்வி கேட்ட மாணவர்கள் எத்தனை பேர், அவர்களுள் பெண்கள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையையும் கல்லூரிகள் தங்கள் ஆண்டறிக்கையில் சேர்த்துக்கொள்ளட்டும். வெளியேறுவதற்கு மொழி தந்த கல்வி, இருந்து பேசுவதற்கும் மொழி தர வேண்டிய காலம் இது.